சாயங்காலப் பால் எங்கே போனது: ஒரு கிராமப் பால் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 2019 முதல் 2022 வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஊர், சங்கம், ஆட்களின் பெயர்கள் இல்லை. நான் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் அல்ல. பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லும்படி நிர்வாகக் குழு கேட்டதால் உள்ளே போனவன். உறுப்பினர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று யோசிக்கும் மற்ற சங்கங்களுக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் இது உதவலாம்.

பின்னணி

வானம் பார்த்த பூமி. சோளமும் கொள்ளும் விதைப்பார்கள், மழை ஏமாற்றினால் தட்டு மட்டும் மிஞ்சும். ஆண்களில் பலர் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட, கட்டுத்தரையைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டுக்கு இரண்டு மூன்று கலப்பின மாடுகள், சில வீடுகளில் எருமை.

தமிழ்நாட்டின் பால் கூட்டுறவு மூன்றடுக்கு கொண்டது. கிராமத்தில் சங்கம், மாவட்ட அளவில் ஒன்றியம், மேலே ஆவின் என்று நாம் அறிந்த இணையம். கொள்முதல் விலை மேலே முடிவாகிறது. கிராமச் சங்கம் அந்த விலையில் கை வைக்க முடியாது. பாலை அளப்பது, பரிசோதிப்பது, பணம் பட்டுவாடா செய்வது மட்டுமே அதன் வேலை. இந்த வரம்பை முதலில் மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் எடுத்த முடிவுகள் புரியும்.

சங்கத்தின் பெயர்ப் பதிவேட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர்கூட 2019இல் பால் ஊற்றவில்லை. ஊருக்குள் இரண்டு தனியார் பால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. "விலை பத்தல, அதனாலதான் போறாங்க" என்பது நிர்வாகக் குழுவின் ஒருமித்த கருத்து. அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 முதல் பசும்பாலுக்கு லிட்டர் 28 ரூபாயிலிருந்து 32 ஆகவும், எருமைப் பாலுக்கு 35இலிருந்து 41 ஆகவும் விலை உயர்ந்தது. ஒரே தடவையில் இது பெரிய ஏற்றம். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. விலைதான் காரணம் என்ற பேச்சில் அப்போதே ஓட்டை விழுந்துவிட்டது. ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

2020 மார்ச்: எல்லாரும் திரும்பி வந்தார்கள்

ஊரடங்கு வந்ததும் டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடின. தனியார் வண்டிகளில் ஒன்று நின்றுவிட்டது. இன்னொன்று விலையைக் குறைத்ததோடு சாயங்காலப் பால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஒன்றியம் பால் எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு வாரத்துக்குள் சங்கத்தின் முன்னால் வரிசை தெரு முனை வரை நின்றது.

அவர்களைச் சேர்ப்பதா என்று நிர்வாகக் குழுவில் சண்டையே நடந்தது. விடாமல் ஊற்றி வந்தவர்களுக்குக் கோபம். "இத்தனை நாளா நாங்க ஊத்துனோம், இன்னிக்கு வண்டி நின்னதும் ஓடியாறாங்க, இவிகளுக்கு எதுக்குங்க எடம்" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேன் போதாது, லாரி பொறுக்காது என்பது செயலாளரின் கவலை.

கடைசியில் எல்லாரிடமும் எடுப்பது என்று முடிவானது. அதற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். பால் கீழே கொட்டும் நாளில் கதவடைத்த சங்கத்துக்கு அந்த வீட்டுக்காரர்கள் பிறகு எந்த விலையிலும் வரமாட்டார்கள். மற்றொன்று, அளவு கூடினால் சங்கத்தின் வருமானமும் கூடும். ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் மூன்று மாதத்துக்குள் பங்குத் தொகை கட்டிச் சேர வேண்டும். நிறையப் பேர் சேர்ந்தார்கள். உறுப்பினர் எல்லாரும் கூடும் பொதுக்கூட்டமான மகாசபையில் அந்த ஆண்டு உறுப்பினர் எண்ணிக்கையை வாசித்தபோது கைதட்டல் விழுந்ததாகச் சொன்னார்கள்.

2020 கடைசி: மறுபடி சரிவு

கடைகள் திறந்தன, வண்டிகளும் வந்தன. லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல், அதோடு மாடு வாங்க முன்பணம். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, பழைய ஆட்களும் குறையத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்.

பதிவேட்டில் கண்டது

மாதாந்திர மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மார்ச் முதல் ஜூன் வரை வெயிலில் கறவை குறையும், ஐப்பசி மழைக்குப் பிறகு பசுந்தீவனம் வந்ததும் ஏறும். சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளப்போம். எனவே ஆள் வாரியாக, வேளை வாரியாகப் பிரித்துப் பார்த்தோம்.

அதில் தெரிந்தது இது. யாரும் ஒரே நாளில் போகவில்லை. முதலில் சாயங்காலப் பால் நின்றது. காலைப் பால் மட்டும் இரண்டு மூன்று மாதம் வந்தது. அதன்பின் அதுவும் நின்றது. போனவர்கள் என்று குழு என்னிடம் கொடுத்த பட்டியலில் பெரும்பாலானோரின் கணக்கில் இதே வரிசை.

இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. இந்த ஊரில் காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் கறக்கிறார்கள். காலைக் கறவைக்கு முன் பதினான்கு மணி நேர இடைவெளி, சாயங்காலத்துக்குப் பத்து மணி நேரம். இடைவெளி குறைந்தால் பால் அளவு குறையும், கொழுப்பு கூடும். ஆக, சாயங்காலப் பாலை வண்டிக்கும் காலைப் பாலைச் சங்கத்துக்கும் ஊற்றுகிறவருக்குச் சங்கச் சீட்டில் சராசரிக் கொழுப்பு இறங்கும், கொழுப்பைப் பார்த்துப் போடும் விலையும் இறங்கும். மாடும் தீவனமும் அதேதான், ஆனால் காசு குறைகிறது. "சங்கத்துல டெஸ்ட்டுல அடிக்கறாங்க" என்ற பேச்சு இங்கே பிறக்கிறது. வண்டிக்காரர் கொழுப்பே பார்ப்பதில்லை. பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டு டிகிரி பார்த்து, லிட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்வார். கொழுப்பு மிகுந்த பாலை ஒரே விலைக்கு அவரிடம் கொடுத்துவிட்டு, கொழுப்பு குறைந்த பாலுக்குச் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கன்றுக்குக் கடைசிப் பாலை விடும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. மடியில் கடைசியாக வருவதுதான் கொழுப்பு மிகுந்த பால்.

அதற்காகச் சந்தேகம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. சங்கத்தில் இருந்த பால் பகுப்பாய்வுக் கருவியைத் தினமும் வெந்நீரில் கழுவி, வாரம் ஒருமுறை மருந்து விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். செய்திருக்கவில்லை. உள்ளே பால் படிந்திருந்தது. வேகமாகக் கலக்கி, நுரையோடு உறிஞ்ச விட்டால் கருவி தப்பாகக் காட்டும். வரிசை நீளும்போது அப்படித்தான் நடந்தது. பழைய கெர்பர் முறையில், அதாவது கந்தக அமிலம் விட்டுச் சுழற்றிக் கொழுப்பைப் பிரிக்கும் முறையில், சில மாதிரிகளைச் சோதித்தபோது கருவி சற்றுக் குறைத்துக் காட்டுவது உறுதியானது. திருட்டு அல்ல, அக்கறையின்மைதான். ஆனால் ஊற்றுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். போதாததற்குத் திரை பரிசோதகரைப் பார்த்தபடி இருந்தது. எதிரே நிற்பவருக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்.

வீடுகளில் கேட்டது

ஒரு பெண் நிர்வாகக் குழு உறுப்பினரோடு வீடு வீடாகப் போனோம். பட்டியலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் மாடே இல்லை. விற்றுவிட்டார்கள், வயதாகிவிட்டது, மருமகள் கம்பெனிக்குப் போகிறாள், கோமாரியில் ஒன்று போனதோடு விட்டுவிட்டார்கள். இவர்களைச் சங்கத்தை விட்டுப் போனவர்கள் என்று எண்ணிக்கொண்டு வருத்தப்படுவதில் பொருளே இல்லை. இந்தப் பெயர்களை நீக்கியதும் பிரச்சினை சிறிதாகவும் தெளிவாகவும் ஆனது.

மாடு இருக்கும் வீடுகளில் முதலில் வந்து பேசியது உறுப்பினரான ஆண். விலை, அரசியல், ஒன்றியம் என்று பேசுவார். கட்டுத்தரைப் பக்கம் போய் அந்த அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வந்தது. ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஏனுங்க, கறக்கறது நானு, சாணி அள்றது நானு. சங்கத்துல காசு போட்டாங்களா இல்லியான்னு அவுங்களக் கேட்டாத்தான் எனக்குத் தெரியும். வண்டிக்காரரு சனிக்கெழமையானா கையில எண்ணிக் குடுத்துட்டுப் போயிர்றாருங்க. தவுடு வாங்கோணும், புண்ணாக்கு வாங்கோணும், நான் யாரப் போயிக் கேக்கறது?"

இதே சங்கதி வீட்டுக்கு வீடு வேறு வேறு சொற்களில் வந்தது. பட்டுவாடா வங்கிக் கணக்குக்கு மாறியபோது முறைகேடு குறையும் என்றார்கள், குறைந்ததும் உண்மை. ஆனால் கணக்கு ஆண் பெயரில் இருந்தது. சங்கத்தில் பணத்தை வாங்கிக்கொண்டிருந்த கை மாறியது, கேனைத் தூக்கிய கை மாறவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய பணம் சில சமயம் மூன்று வாரம் ஆனதும் சேர்ந்துகொண்டது. சங்கம் உறுப்பினர்களைத் தக்கவைக்கப் பார்த்தது. பாலை எங்கே ஊற்றுவது என்று தினமும் முடிவு செய்தவர் அந்த உறுப்பினர் அல்ல.

நேரமும் ஒரு காரணம். லாரி முதலில் இந்த ஊருக்கு வந்துவிட்டு மற்ற ஊர்களுக்குப் போகும். அதனால் சாயங்காலம் சீக்கிரமே சங்கத்தை மூட வேண்டியிருந்தது. நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்த் திரும்பும் பெண்களால் கறந்து எடுத்துவர முடியவில்லை. வண்டி வாசலுக்கே வருகிறது.

2021 ஏப்ரல்: எடுத்த முடிவுகள்

குழுவில் முதலில் வந்த யோசனை, தனியார்போல நாமும் முன்பணம் கொடுப்போம் என்பது. அதைக் கைவிட்டார்கள். சங்கத்திடம் அவ்வளவு பணம் இல்லை, தணிக்கையில் பதில் சொல்ல முடியாது, வாராக்கடன் விழுந்தால் சங்கமே மூழ்கும். பதிலுக்கு, கறவை மாட்டுக்கும் கிடைக்கும் விவசாயக் கடன் அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என்று வைத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு வங்கி இழுத்தடித்தது. இதை ஒரு சாதனையாகச் சொல்ல மாட்டேன்.

மற்றபடி நான்கு காரியங்கள் நடந்தன. கருவியின் திரை ஊற்றுகிறவர் பக்கம் திரும்பியது. வாரம் ஒருநாள், வரிசையில் நிற்பவர்களில் யாராவது கைகாட்டும் மாதிரியை எடுத்து கெர்பர் முறையில் எல்லார் முன்னாலும் சோதிப்பது என்றானது. பரிசோதனைக்கு எடுத்து மிஞ்சும் சாம்பிள் பாலை ஒரு தனிக் கேனில் ஊற்றிச் சங்கக் கணக்கில் எழுதினார்கள். அது எங்கே போகிறது என்று ஊருக்குள் இருபது வருடமாகக் கேள்வி இருந்தது. நான்காவதாக, லாரியின் வழியைத் திருப்பிப் போடும்படி ஒன்றியத்திடம் மனுக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்ச் சங்கங்கள் ஒத்துக்கொள்ளச் சில வாரம் ஆனது. வழி மாறியதும் சாயங்கால நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீண்டது.

செயலாளர் திரையைத் திருப்புவதை எதிர்த்தார். ஒவ்வொருவரும் நின்று கேள்வி கேட்டால் வரிசை நகராது என்றார். நியாயம்தான், முதல் இரண்டு வாரம் அப்படித்தான் ஆனது. அப்புறம் கேள்விகள் தானாகக் குறைந்தன.

கடினமானது பெயர் மாற்றம். பால் கறக்கும் பெண்ணின் பெயரில் உறுப்பினர் பங்கு, அல்லது குறைந்தது பணம் அவர் கணக்குக்கு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்றுதான் வைத்தார்கள். ஆனாலும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எங்க ஊட்டுக்குள்ள சங்கம் எதுக்குங்க வருது" என்று சத்தம் போட்டார். தலைவர் பதில் பேசாமல் தன் மனைவியின் வங்கிப் புத்தக நகலை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தார். அன்றைக்கு மாற்றியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிறகு மெல்லமாகக் கூடியது. பாதியை எட்டவில்லை.

பின்னர் நடந்தது

மே மாதம் இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. கடைகள் மூடின, வண்டிகள் தடுமாறின, பால் மறுபடி சங்கத்துக்கு வந்தது. இதைத் தங்கள் மாற்றங்களின் பலன் என்று குழு நினைக்க ஆசைப்பட்டது இயல்பு. சென்ற ஆண்டும் இதேதான் நடந்தது என்பதால் காத்திருந்து பார்க்கச் சொன்னேன். கடைகள் திறந்து வண்டிகள் பழையபடி ஓடத் தொடங்கிய ஆகஸ்ட்டுக்குப் பிறகு சாயங்காலப் பால் என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான சோதனை.

2020இல் கடைகள் திறந்ததும் சாயங்காலக் கணக்கு சரசரவென்று இறங்கியது. 2021இல் இறங்கியது, ஆனால் மிக மெதுவாக. தீபாவளி வரை பெரும்பாலானோர் இரண்டு வேளையும் ஊற்றினார்கள். இரண்டு வேளையும் வந்ததால் சராசரிக் கொழுப்பும் ஏறியது. சீட்டில் விலை கூடியதைப் பார்த்து, கருவியைச் சரிசெய்ததுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். பாதி உண்மை. பணம் பெண்ணின் கணக்குக்கு மாறிய வீடுகளில் அந்த ஆண்டு முடியும்வரை ஊற்றுவதை நிறுத்தியவர் மிகச் சிலரே. அது இயல்பாகவே சங்கத்தின் மேல் பிடிப்புள்ள வீடுகளாகவும் இருக்கலாம். அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

செப்டம்பரில் யாரும் எதிர்பாராத அடி. பால் பரிசோதகர் வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் குளிரூட்டு நிலையத்துக்குப் போய்விட்டார். சங்கம் கொடுத்த சம்பளம் அவ்வளவு குறைவு. ஆள் கிடைக்கும்வரை செயலாளரே பரிசோதித்தார். வாரச் சோதனை நின்றது, கருவி கழுவுவது மறந்தது, பழைய பேச்சு திரும்பியது. இரண்டு மாதத்தில் சாயங்காலக் கணக்கில் அது பளிச்சென்று தெரிந்தது. புதுப் பரிசோதகராக ஊரிலேயே பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண் வந்தார். உள்ளூர்ப் பால் விற்பனை லாபத்திலிருந்து சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஊற்ற வரும் பெண்கள் அவரிடம் கூசாமல் கேட்டார்கள். "கண்ணு, நேத்தைக்கு நாலு இருந்துச்சு, இன்னிக்கு ஏன் மூணரை?" என்றால், கன்றுக்குக் கடைசிப் பாலை விட்டீர்களா என்று அவர் திருப்பிக் கேட்பார். முன்பு இந்த உரையாடலே கிடையாது.

2022இல் தவிடு, புண்ணாக்கு விலை ஏறியது. தனியாரின் விலை சங்க விலையை நன்றாகத் தாண்டியது. இந்த முறை உண்மையிலேயே விலைக்காகப் போனார்கள், நன்றாக ஊற்றி வந்தவர்களே போனார்கள். திரையைத் திருப்புவதாலோ கணக்கை மாற்றுவதாலோ இதைத் தடுக்க முடியவில்லை. நவம்பர் 5 முதல் பசும்பால் 35 ரூபாயாகவும் எருமைப் பால் 44 ரூபாயாகவும் உயர்ந்தது. விலைக்காகப் போனவர்களில் கணிசமானவர்கள் அந்த மாதமே திரும்பினார்கள். 2019இல் பலர் திரும்பவில்லை. இப்போது திரும்பியதற்கு, போகும்போது மனத்தாங்கல் இல்லாமல் போனது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

முன்பணம் வாங்கியவர்கள் திரும்பவே இல்லை. கடன் தீரும்வரை மாடு அவர்களுடையது, பால் வண்டிக்காரருடையது.

மாற்ற வேண்டியவை

இன்னொரு சங்கம் இதைச் செய்வதானால், வரிசையை மாற்ற வேண்டும். முதல் வேலை மாடு இல்லாத பெயர்களைத் தனியே எடுப்பது. இதை வீடு வீடாகப் போன பிறகு செய்ததால் இரண்டு மாதம் வீணானது. இரண்டாவது, சாயங்காலப் பால் தொடர்ந்து பத்து நாள் வராத வீட்டின் பெயரைச் செயலாளர் குறித்து வைக்க வேண்டும். அந்தப் பத்தாம் நாளில் ஒரு பெண் நிர்வாகி போய்ப் பேசினால் கேட்பார்கள். காலைப் பாலும் நின்ற பிறகு போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பரிசோதகரின் சம்பளத்தை முதல் கூட்டத்திலேயே எடுத்திருக்க வேண்டும். சங்கத்தின் நம்பகம் முழுவதும் அந்த ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருந்தது. அதற்கு மாதச் சம்பளமாக ஒதுக்கியதோ அவர் பனியன் கம்பெனியில் பத்து நாளில் சம்பாதிக்கக்கூடிய தொகை.

பணத் தாமதம் தீராமலே இருக்கிறது. அது ஒன்றியத்தின் கையில். சங்கத்தால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பணம் எந்தத் தேதிக்கு வரும், தாமதமானால் ஏன் என்று கரும்பலகையில் எழுதுவது. எழுதத் தொடங்கிய பிறகு தாமதம் குறையவில்லை, சத்தம் குறைந்தது.

பெயர் மாற்றப் படிவங்கள் இப்போதும் பரிசோதனை மேசையின் மேலேயே வைத்திருக்கிறார்கள். கணவர் பெயரில் உள்ள பங்கை மாற்ற அவர் கையெழுத்து வேண்டும், அதற்காகக் காத்திருக்கும் படிவங்கள் ஒரு கட்டு. வங்கிக் கணக்கை மட்டும் மாற்றவும் உறுப்பினரின் சம்மதக் கடிதம் தேவை. அடுத்த மகாசபைக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பெனி விடுமுறையில் ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கட்டோடு வீடுகளுக்குப் போவதாகப் புதுப் பரிசோதகர் பொறுப்பெடுத்திருக்கிறார்.